அடிமனை

நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில் ஒரு வீட்டைக்கூட வரைந்ததில்லை. புலப்படத்தில் கிணறு வரும், ஏரிக்கரை வரும், கோயில் வரும். வண்டிப்பாதைக்கு இரட்டைப் புள்ளிக்கோடு, ஒற்றையடிப் பாதைக்கு ஒற்றைப் புள்ளிக்கோடு. குடியிருக்கும் வீட்டை நாங்கள் வரைவதில்லை. அது உட்கார்ந்திருக்கும் மனையைத்தான் வரைவோம். கூரை போய் ஓடு வரும், ஓடு போய் தளம் வரும், அப்பன் போய் மகன் வருவான். மூலைக்கல் நான்கும் அங்கேயே இருக்கும் என்பது எங்கள் துறையின் நம்பிக்கை. எனக்குச் சங்கிலி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் நாளே சொன்னார்: "வீட்டப் பாத்து அளக்காத தம்பி. வீடு பொய் சொல்லும். கல்லப் பாத்து அள."

அவர் பேச்சு வெகுகாலம் கழித்து ஒரு வீடியோ காலில் எனக்குத் திரும்ப வந்தது. அக்கா மகன் வார்சாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அன்று அவனுக்கு லீவு. காலையிலிருந்து ஊரை நடந்தே சுற்றுகிறானாம். "மாமா, இதப் பாருங்க" என்று போனைத் திருப்பினான். மேட்டின்மேல் பழைய நகரம், கீழே விஸ்துலா ஆறு. மஞ்சளும் காவியும் வெளிர்பச்சையுமாகத் தோளோடு தோள் இடித்து நிற்கும் வீடுகள், நடுவில் சந்தைச் சதுக்கம், கல் பாவிய தரை. "நானூறு ஐந்நூறு வருஷம் இருக்கும் மாமா" என்றான். அரை மணி கழித்து மறுபடியும் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. "ஏமாத்திட்டாங்க மாமா. எல்லாம் நம்ம தாத்தா காலத்துல கட்டுனதாம்."

அவன் சொன்ன தகவலில் தப்பில்லை. 1944 எழுச்சியை அடக்கிய பிறகு ஜெர்மன் படை அந்த நகரத்தைத் தெருத்தெருவாக வெடி வைத்துத் தகர்த்தது. போர் முடிந்ததும் ஜனங்கள் கற்குவியலுக்குத் திரும்பி வந்தார்கள். பெர்னார்தோ பெல்லோத்தோ என்ற ஓவியர் 18ஆம் நூற்றாண்டில் வரைந்த நகரக் காட்சிகளை விரித்து வைத்துக்கொண்டார்கள். கட்டடக்கலை மாணவர்கள் அளந்து ஒளித்து வைத்திருந்த வரைபடங்களையும் தேடி எடுத்தார்கள். அதே இடத்தில் அதே வீடுகளை எழுப்பினார்கள். சந்தைச் சதுக்கம் 1953இல் மறுபடி நின்றது. 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

"பழசுன்னு காட்டறாங்க, ஒண்ணுமே பழசு இல்ல" என்று புலம்பினான்.

"மனை பழசுதானடா" என்றேன்.

வாயில் வந்துவிட்டதே தவிர, சொன்னதன் அர்த்தம் எனக்கே அப்போது முழுதாகப் பிடிபடவில்லை.

கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் அடிமனை வாடகை கட்டுவார்கள். வீடு அவர்களுடையது, அடிமனை சாமியுடையது. என்ன சொல் பாருங்கள். அடி என்றால் கால். அடி என்றால் கீழ். அடி என்றால் ஆதி. பன்னிரண்டு அங்குலமும் அடிதான். அடிமனை என்ற சொல்லுக்குள் இந்த நான்கும் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு ஊரின் அடிமனையைக் கண்ணால் பார்க்க முடியாது, கண் வீட்டைத்தான் பார்க்கும். காலுக்குத்தான் அது தட்டுப்படும்: தெரு எங்கே திரும்புகிறது, எங்கே குறுகுகிறது, எங்கே காரணமில்லாமல் ஒரு வளைவு எடுக்கிறது என்று.

லண்டன் கதை இன்னும் எங்கள் தொழிலுக்கு நெருக்கம். 1666 செப்டம்பரில் அந்த ஊர் நான்கு நாள் எரிந்தது. 13,200 வீடும் 87 பங்குக் கோயில்களும் போயின. சாம்பல் ஆறுமுன்னே கிறிஸ்டபர் ரென் அகல அகலமாகச் சாலை போட்டு ஒரு புது நகரத்தை வரைந்து மன்னர் முன் வைத்தார். நடக்கவில்லை. யார் மனை எது என்று தீராமல் புதுத் தெரு போட முடியாது. அது தீரும்வரை குளிரில் ஜனம் வெட்டவெளியில் கிடக்கவும் முடியாது. கடைசியில் இடிபாட்டுக்குள் பழைய அடித்தளத்தைத் தேடி, முளையடித்து, அவரவர் மனையை அளந்து கொடுக்கச் சிலரை நியமித்தார்கள். அவர்களில் ஒருவர் ராபர்ட் ஹூக். பள்ளிக்கூடத்தில் சுருள்வில்லுக்கு ஒரு விதி படித்தோமே, அதே ஹூக். அவர் நம் ஆள், சர்வேயர்! சில தெருக்களை அகலப்படுத்தியது தவிர, தேம்ஸ் கரையின் அந்த நகரம் பழைய கோட்டின்மேலேயே எழுந்தது. இன்று அங்கே கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே நடப்பவன் தீக்கு முந்திய சந்துகளில்தான் நடக்கிறான்.

எனக்கு வார்சாவும் லண்டனும் எட்டாது. முட்டி வலி ஒரு பக்கம், விசா ஒரு பக்கம். ஆனால் ஐரோப்பியன் ஒருவன் தன் தலைநகரம் என்று சொல்லிக்கொண்ட ஊர் எங்கள் விக்கிரவாண்டியிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. காரைக்காலுக்கும் மாகிக்கும் ஏனாமுக்கும் சந்தர்நாகூருக்கும் தலைநகராக இருந்த ஊர் அது. பாண்டிக்கு நூறு தடவையாவது போயிருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன், கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், மற்றவர்கள் எதற்குப் போவார்களோ அதற்கும் இளவயதில் போயிருக்கிறேன். தெருவைப் பார்த்து நடக்க ஒரு நாளும் போனதில்லை.

பக்கத்து ஊர் என்பதால் மட்டும் சொல்லவில்லை, ஆறும் ஒன்றுதான். எங்கள் பக்கம் வராகநதி என்போம், மேற்கே செஞ்சியாறு, பாண்டிக்காரர்களுக்குச் சங்கராபரணி. செஞ்சி மலையில் பிறந்து, வீடூரில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, 32 அடி உயர அணையில் கொஞ்சம் நின்று, வில்லியனூரைத் தாண்டி வீராம்பட்டினம் பக்கம் கடலில் சேர்கிறது. வருஷத்தில் பத்து மாதம் மணலும் வேலிக்காத்தானும்தான். வெளியூர்க்காரனிடம் ஆறு என்று சொன்னால் சிரிப்பான். 2024 டிசம்பர் 1ஆம் தேதி யாரும் சிரிக்கவில்லை. ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. மறுநாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி, தென்மாவட்ட ரயில்கள் நின்றுபோயின. அப்போது தண்ணீர் புகுந்த இடங்களில் பாதி, பழைய புலப்படத்தில் ஓடை, வாரி, ஏரி உள்வாய் என்று எழுதியிருக்கும் இடங்கள். ஆற்றுக்கும் ஓர் அடிமனை உண்டு, அதற்குப் பட்டா காட்டத் தேவையில்லை.

தெருவைப் பார்க்கவே ஒரு நாள் பாண்டிக்குக் கிளம்பினேன். அரியபாளையம் பாலத்தில் பஸ் ஏறும்போது எட்டிப் பார்த்தேன். மணலும் நாணலும் ஒரு கீற்றுத் தண்ணீரும். இந்த ஆற்றின் ஒரு கிளை கடலைத் தொடும் முன், அதன் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. ரோமாபுரிக் கப்பல் சரக்கு வந்து இறங்கிய துறை. 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் சுட்ட மண்பாண்டங்களும் ஒயின் சாடித் துண்டுகளும் கிடைத்தன. இப்போது தென்னந்தோப்பு. மேடு என்ற பெயரே சாட்சி. எங்கள் பக்கமும் நத்தமேடு என்று புறம்போக்கு அங்கங்கே உண்டு; ஒரு காலத்தில் குடியிருப்பு, ஏதோ நோயிலோ பஞ்சத்திலோ காலியாகி, ஓட்டாஞ்சில்லும் உமிச்சாம்பலும் மட்டும் மிஞ்சிய இடம். யாரும் திரும்பி வராத ஊரை மண் மேடாக்கிவிடுகிறது.

திரும்பி வந்த ஊர் பாண்டி.

பெரிய மார்க்கெட்டில் மீன் வாடையையும் பூ வாடையையும் ஒன்றாகத் தாண்டி ரங்கப்பிள்ளை வீதிக்கு வந்தால் ஆனந்த ரங்கப் பிள்ளையின் வீடு. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர், 1736இல் தொடங்கி இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதினவர். வீட்டின் கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண், மேல்தளத்தில் ஐரோப்பிய பாணியில் வரிசையாகச் சுதைத்தூண். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. துபாஷி என்றால் இருமொழிக்காரர். வீட்டையும் இரண்டு மொழியில் கட்டிக்கொண்டார் போலிருக்கிறது. அவர் இறந்தது 1761 ஜனவரி 12. நான்கு நாள் கழித்து, 16ஆம் தேதி, பல மாத முற்றுகைக்குப் பின் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை மூன்று வருஷம் முன்பு பிரெஞ்சுக்காரர்கள் இடித்திருந்தார்கள். அதற்குப் பழி தீர்க்க ஆங்கிலேயர் இங்கே கோட்டையையும் கவர்னர் மாளிகையையும் தேவாலயங்களையும் மாளிகை மாளிகையாகத் தரைமட்டமாக்கினார்கள். தப்பிய சிலவற்றில் பிள்ளையின் வீடும் ஒன்று. அவர் கண் அந்த இடிப்பைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாள், கிழமை, நாழிகை போட்டு எழுதியிருப்பார்.

1763இல் பாரிசில் உடன்படிக்கை. 1765இல் ஊர் திரும்பக் கிடைத்தது. கவர்னராக வந்த ழான் லா த லொரிஸ்தோன் கற்குவியலுக்கு நடுவே இறங்கி, பழைய அடித்தளங்களின்மேலேயே கட்டச் சொன்னார். ஆகவே இன்று துய்மா வீதியிலும் ரோமன் ரோலன் வீதியிலும் காவி வெள்ளைச் சுவர்களுக்கும் காகிதப்பூக்கொடிக்கும் முன்னால் நின்று போட்டோ எடுப்பவர்கள் பார்ப்பது 1765க்குப் பிந்திய வீடுகளை. கடற்கரையில் உள்ள மேரி கட்டடம் இன்னும் நல்ல உதாரணம். 19ஆம் நூற்றாண்டு நகராட்சி மாளிகை 2014 நவம்பர் 29இல் மழையில் ஊறிச் சரிந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் கட்டி 2021இல் திறந்தார்கள். அக்கா மகன் பார்த்தால் இதற்கும் ஏமாத்திட்டாங்க என்பான்.

தெருக்கள் மட்டும் அந்த இடிப்புக்கும் முந்தியவை. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரெஞ்சு நகரம், பிரெஞ்சு நகரம் என்கிறோமே, பாய் விரித்ததுபோல் நேர்நேராக ஓடும் இந்தத் தெருக்களைப் போட்டுக் கொடுத்தவர்கள் டச்சுக்காரர்கள். 1693இல் ஊரைப் பிடித்து, 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் இருந்த ஆறு வருஷத்தில் ஒரு வரைபடம் போட்டார்கள். எங்களைப் போன்ற யாரோ ஒருவன் கடற்கரை மணலில் சங்கிலி இழுத்திருப்பான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. துய்ப்ளே சிலையைக்கூட இடம் மாற்றிவிட்டார்கள், அவன் போட்ட கோட்டை யாரும் மாற்றவில்லை.

இதுவரை எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. வீடு போகும், மனை நிற்கும். பழசு என்பது சுவரில் இல்லை, அதே இடத்துக்குத் திரும்பி வருவதில் இருக்கிறது. அக்கா மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வைசியாள் வீதியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தேன். வரிசையாகத் தமிழ் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் மரக்காலில் நிற்கும் தாழ்வாரம். சர்வேயர் கண்ணுக்கு அது தெருவில் நீட்டிய ஆக்கிரமிப்பு. நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கேஸ். ஆனால் தெருவில் போகிறவனுக்கு நிழல் கொடுக்கும் ஆக்கிரமிப்பை வேறு எங்கே பார்க்க முடியும்? இப்போது பல வீடுகளில் கிரில் அடித்து அடைத்துவிட்டார்கள். நான் உட்கார்ந்த திண்ணையில் வழவழவென்று ஒரு பள்ளம். எத்தனை பேர் சாய்ந்து, எத்தனை பேர் காத்துக் கிடந்த பள்ளமோ.

எழுந்து தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தபோதுதான் உற்சாகம் குறைந்தது. செட்டித் தெரு. வெள்ளாளர் தெரு. வைசியாள் தெரு. கொசக்கடைத் தெரு. கோடு போட்டவன் வெறும் தெருவாகப் போடவில்லை. இன்னாருக்கு இன்ன தெரு. நெய்கிறவன் இங்கே, விற்கிறவன் இங்கே, பானை வனைகிறவன் அங்கே. பேரரசுகள் மோதி ஊரையே தரைமட்டமாக்கினாலும், எழுந்தபோது அந்தப் பிரிவும் சேர்ந்தே எழுந்தது. சுவரோடு அது இடிந்து விழவில்லை, ஏனென்றால் அது சுவரில் இல்லை. அடிமனையில் இருந்தது.

மிஷன் வீதியில் சம்பாக் கோயில். செயின்ட் பால் நம் வாயில் சம்பா ஆகிவிட்டார். அதை ஒட்டித்தான் வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடக்கும்போது, பிரெஞ்சுக்காரர்கள் அதை இடித்தார்கள். பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார், துய்ப்ளேயின் நம்பிக்கைக்குரிய ஆளாக இருந்தும் தடுக்க முடியாத வருத்தத்தோடு. பின்னால் அந்த ஈசுவரன் வேறொரு தெருவில் கோயில் கொண்டார். திரும்பி வந்தார், ஆனால் தன் மனைக்கு இல்லை. எல்லோருக்கும் பழைய மனை கிடைத்துவிடாது, சாமியானாலும்.

பெரிய வாய்க்காலுக்கு வந்தேன். கிழக்கே வெள்ளைப் பட்டணம், மேற்கே கறுப்புப் பட்டணம் என்று பிரித்த கோடு இதுதான். இப்போது சிமெண்ட் கட்டிய சாக்கடை. கருநிறத் தண்ணீர், பிளாஸ்டிக், ஒரு செருப்பு மிதந்தது. ஒரு பக்கம் தாழ்வாரமும் திண்ணையும், மறுபக்கம் உயர்ந்த மதிலும் சாத்திய கதவும். எட்டு வைத்து அளப்பது எங்கள் தொழில் வியாதி, ரிட்டயர் ஆனாலும் போகாது. எண்ணிக்கொண்டே கடந்தேன். என் எட்டில் இருபதுகூட ஆகவில்லை. இருநூற்றைம்பது வருஷம் இரண்டு உலகமாக இருந்தவற்றுக்கு நடுவே இருந்த தூரம் அவ்வளவுதான். பாலத்தில் நின்று ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். கிழக்கேயிருந்து வந்த ஜோடிக்கு ஒரு விலை சொன்னார், மேற்கேயிருந்து வந்த எனக்கு வேறு விலை. கோடு இன்னும் வேலை செய்கிறது.

பாரதி பூங்காவில் கொஞ்சம் உட்கார்ந்தேன். கோட்டை இருந்த வட்டாரம் இது. இப்போது குழந்தைகள் சறுக்குமரம் ஆடுகின்றன. நடுவில் வெள்ளை மண்டபம், ஆயி மண்டபம். ஆயி என்ற தாசியின் வீட்டைக் கோயில் என்று நினைத்து அரசன் ஒருவன் கும்பிட்டுவிட்டானாம். விஷயம் தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னான். அவள், நானே இடிக்கிறேன் என்று அனுமதி வாங்கி, தன் வீட்டை இடித்து அந்த மனையில் குளம் வெட்டினாளாம். முத்திரைப்பாளையத்திலிருந்து தண்ணீர் பட்டணத்துக்கு வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த நினைவு மண்டபம் இது. கதை எவ்வளவு நிஜம் என்பது வேறு விஷயம். மனையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களின் கதைகளுக்கு நடுவே, மனையையே தோண்டித் தண்ணீராக்கியவள் ஒருத்தியின் கதையையும் ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது எனக்குப் போதும்.

கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் எங்கள் மாவட்டத்துக் கல். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த பிறகு அங்கிருந்து வந்தவை. உப்புக் காற்றில் சிற்பங்களின் மூக்கு மழுங்கியிருக்கிறது. ஒரு தூணின் அடியில் ஒரு பையன் சுண்டல் பொட்டலத்தோடு சாய்ந்திருந்தான். ஆறு தானாக வந்த வழியில், இந்தத் தூண்களை மாட்டு வண்டியில் வைத்து இழுத்து வந்திருப்பார்கள். செஞ்சியில் அவை நின்ற இடத்தில் குழிகள் இருக்கும்; அந்தக் குழிகளுக்கும் ஒரு அளவு உண்டு என்று தோன்றியது.

திரும்பும்போது ரயிலில் வந்தேன். பாண்டி விழுப்புரம் பாதை 1879இல் போட்டது. வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர். வளவனூர் பக்கம்தான் மேல்பாதி. அங்கே திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் போய்க் கும்பிடுவதில் தகராறு வந்து, 2023 ஜூனில் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் போலீஸ் காவலோடு அவர்கள் உள்ளே போனார்கள். வாசல்படிக்கும் கருவறைக்கும் எத்தனை எட்டு இருந்துவிடப் போகிறது? அந்தச் சில எட்டுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம். அதற்கு முன்னால் போன நூற்றாண்டுகளை யார் எண்ணுவது.

முப்பத்து மூன்று வருஷம் நான் அளந்த ஊர் எதிலும் ஊர் நத்தம் ஒரு பக்கம், சேரி நத்தம் ஒரு பக்கம். நடுவே ஒரு ஓடையோ களத்துமேடோ. கூரை வீடுகள் தொகுப்பு வீடுகளாயின, தொகுப்பு வீடுகள் மாடியாயின. ஊர்ப்பக்கத்துப் பெரிய வீடுகள் இடிந்து, பிள்ளைகள் சென்னைக்குப் போனார்கள். நான் மறுபடி மறுபடி அளந்து, இம்மி பிசகாமல் அதே கோட்டை அதே இடத்தில் போட்டுக் கையெழுத்து வைத்தேன். கல் நகரவில்லை என்று சான்று கொடுப்பதுதான் என் வேலை, அதை ஒழுங்காகச் செய்தேன் என்று பெருமையும் இருந்தது. அந்த ரயிலில் அந்தப் பெருமை கொஞ்சம் உறுத்தியது. மனிதன் கட்டுவதில் வீடு நிற்காது, கோட்டை நிற்காது. அவன் தரையில் கிழிக்கிற கோடு நிற்கிறது. அதை வெடி வைத்துத் தகர்க்க முடியாது. திரும்பி வருகிறவனை அந்தக் கோடுதான் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறது. அதே கோடுதான் இன்னொருவனை வாசலில் நிறுத்துகிறது. இரண்டும் ஒரே சங்கிலியில் அளந்தவை.

அப்போதுதான் அந்த ஒற்றைப் புள்ளிக்கோடு நினைவுக்கு வந்தது. புலப்படத்தில் எந்த ஆபீசரும் உத்தரவு போட்டு உண்டாகாத கோடு அது ஒன்றுதான். வயலுக்குக் குறுக்கே, ஓடைக்குக் குறுக்கே, ஒருவன் பட்டாவுக்கும் இன்னொருவன் பட்டாவுக்கும் குறுக்கே, ஜனம் நடந்து நடந்து புல் செத்துத் தடம் விழுந்திருக்கும். சர்வேயருக்கு அதைப் போடுவதைத் தவிர வழியில்லை. நடப்பவர்கள் நின்றுவிட்டால் ரெண்டு மழையில் புல் மூடிவிடும். மற்றக் கோடுகளைக் கல் காக்கிறது. இதைக் காப்பது கால்.

விழுப்புரத்தில் பஸ் மாறி விக்கிரவாண்டிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஊரைப் பற்றி வெளியில் கேட்டால் டோல்கேட் என்பார்கள். 2024 அக்டோபர் 27க்குப் பிறகு வி.சாலை கட்சி மாநாடு என்றும் சொல்கிறார்கள். தஞ்சாவூர்ச் சாலை இங்கேதான் பிரிகிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் கடக்கிறார்களோ, ஒருவரும் இறங்கி நடப்பதில்லை. எங்கள் பழைய வீடு நாற்கரச் சாலைக்குப் போனது. இழப்பீடு, மறு அளவை, மேல்முறையீடு எல்லாம் ஆனது, அந்தக் கதையைச் சொன்னால் இந்தக் கட்டுரை வேறு கட்டுரையாகிவிடும். நானே நின்று அளந்து கொடுத்த மனை. அம்மா கோலம் போட்ட வாசல் இருந்த இடத்தில் இப்போது நடுத்திட்டில் அரளி பூத்திருக்கிறது. கிணறு இருந்த இடம் திருச்சி பக்கம் போகிற லேனுக்கு அடியில். லாரி ஒவ்வொன்றும் அதன்மேல் ஏறித்தான் போகிறது.

சாலை ஓரமாக நடந்தேன். ஓரிடத்தில் சரிவுப் புல்லில் ஒரு தடம். மேலே ஏறி, இரும்புத் தடுப்பு வளைந்து ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட இடத்தில் போய், நடுத்திட்டின் அரளிக்குள் மறைந்து, எதிர்ச்சரிவில் இறங்கியது. சரி செய்வார்கள் போலிருக்கிறது. தடுப்பில் புது வெல்டிங் தழும்பு இரண்டு மூன்று தெரிந்தது. சரி செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வளைந்திருந்தது. கடக்கக்கூடாத இடம். ஆள் செத்த இடமும்கூட.

அந்தப் பக்கத்திலிருந்து புல்லுக்கட்டோடு ஒரு அம்மா வந்தார். நடுத்திட்டில் கட்டை இறக்காமல் நின்று, ஒரு பஸ்ஸும் இரண்டு காரும் போகும்வரை பார்த்து, விடுவிடுவென்று இந்தப் பக்கம் வந்து, பக்கவாட்டில் திரும்பித் தடுப்புக்குள் நுழைந்தார்.

"ஏம்மா, கீழ்ப்பாலம் வழியா வரலாம் இல்ல?" என்றேன்.

"அத்தச் சுத்திகினு வந்தா மாடு கத்தும் சார்" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க சர்வேயர் ஐயாதான? மறுபடி அளக்க வந்துட்டீங்களா?"

"இல்லம்மா. சும்மா நடந்துகினு வந்தேன்."

அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கட்டைச் சரிசெய்துகொண்டு சரிவில் இறங்கிப் போனார். வெறுங்கால். புல் இல்லாத அந்த ஒரு சாண் அகலத் தரையில், ஒரு அடி முன்னால் ஒரு அடி.